எம்.டி. 90: சூடேறியதும் ரேஸ் தானாக ஏறுகிறது, இறங்க மறுக்கிறது

கோண்டாவிலான் | ஞாயிறு, காலை 7.40

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் ஹொண்டா எம்.டி. 90 மோட்டார் சைக்கிள் இப்போது என் கையில் இருக்கிறது. கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவர் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். வண்டி எட்டு மாதம் கொட்டிலில் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றது. போன மாதம்தான் வெளியே எடுத்தேன்.

காலையில் மூன்றாவது உதையில் ஸ்ராட் ஆகிவிடும். முதல் இரண்டு, மூன்று கிலோமீற்றருக்கு ஒரு குறையும் இல்லை. சூடேறிய பிறகுதான் கூத்து. அக்சிலேற்றரை முழுதாக விட்டாலும் ரேஸ், அதாவது எஞ்சின் சுழலும் வேகம், இறங்குவதில்லை. ஐந்தாறு விநாடி அப்படியே கத்திக்கொண்டு நின்றுவிட்டு மெல்ல இறங்குகிறது. சில நேரம் இறங்கிய ரேஸ் மறுபடி தானாக ஏறும், இறங்கும், ஏறும். யாரோ ஒளிந்திருந்து முறுக்குவதுபோல.

இந்த வண்டிக்குக் கைக் கிளச் கிடையாது, ரேஸ் ஏறினால் கிளச் தானாகப் பிடித்துக்கொள்ளும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். நேற்றுக் கோண்டாவில் புகையிரதக் கடவையில் படலை மூடியிருந்தது. கியரில் நின்ற வண்டி முன்னால் இழுக்கிறது. இரண்டு பிரேக்கையும் நெரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற பெரியவர், "தம்பிக்கு யாழ்தேவியோடு போட்டியோ?" என்று கேட்டார்.

இரண்டு கராஜில் காட்டிவிட்டேன். முதலாவது இடத்தில் ஸ்லோ திருகாணியை (பிடியை விட்டபின் எஞ்சின் ஓடும் வேகத்தை வைக்கும் திருகாணி) இறக்கிவிட்டார்கள். மறுநாள் காலை வண்டி நின்று நின்று போனது. இரண்டாவது இடத்தில் அதே திருகாணியை ஏற்றிவிட்டார்கள். மாலையில் பழைய கூத்து. இரண்டு இடத்திலும் காசு வாங்கினார்கள். என்ன செய்யலாம்?

டொரன்ரோ பனை | ஞாயிறு, காலை 8.15

தம்பி, பெற்றோலையும் காற்றையும் கலக்கும் அந்தக் காபரேற்றரைக் கழற்றி எறிந்துவிட்டு இணையத்தில் புதிது ஒன்றை வாங்குங்கள். இதற்கெல்லாம் பிரதி எடுத்துச் செய்த காபரேற்றர் மலிவாகக் கிடைக்கிறது. அரை மணி நேர வேலை.

சில்லுக்காரன் | ஞாயிறு, காலை 9.02

பனை அண்ணை, கோபிக்க வேண்டாம். அவருடைய வண்டியில் இருப்பது ஜப்பானில் செய்த காபரேற்றர். அதன் உடம்பு இருபது, முப்பது வருடம் போகும். மலிவுப் பிரதிகளில் ஜெற் (பெற்றோல் வரும் சிறு துளை) அளவு பெட்டிக்குப் பெட்டி மாறும். ஒரு நோயைத் தீர்க்கப் போய் இரண்டாவதை வீட்டுக்குக் கூட்டி வருவதாக முடியும்.

கோண்டாவிலான் தம்பி, முதலில் அந்தத் திருகாணியிலிருந்து கையை எடுங்கள். ஸ்லோ திருகாணி நோயைக் காட்டாது, மறைக்கும். இரண்டு கராஜும் செய்தது அதைத்தான்.

முறுக்காமலே ரேஸ் ஏறுகிறது என்றால் பெரும்பாலும் எஞ்சினுக்குள் காற்று கூடுதலாகப் போகிறது. அதற்கு இரண்டு வழி. காபரேற்றருக்குள் காற்று வழியைத் திறந்து மூடும் சிலைட் அடிவரை இறங்காமல் மேலே தொங்கி நிற்கலாம். அல்லது சிலைட் ஒழுங்காக மூடியிருக்க, அதைத் தாண்டி வேறெங்கோ ஓர் ஓட்டையால் காற்று உள்ளே போகலாம். இவை இரண்டையும் பிரித்தறியாமல் ஒரு சாவியையும் தொடாதீர்கள்.

வண்டியை நடு ஸ்ராண்டில் விட்டு, நியூட்ரலில் ஓடவிட்டு, ஹாண்டிலை இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை மெல்லத் திருப்புங்கள். ரேஸ் மாறினால் கேபிளில்தான் குற்றம். பாதை மாற்றிப் பூட்டியிருப்பார்கள், அல்லது கேபிளில் தளர்வே இருக்காது. பிடியைச் சுழற்றும்போது தொடக்கத்தில் 2 முதல் 6 மில்லிமீற்றர்வரை வெறுமனே ஆட வேண்டும். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டுப் பிடியை முழுதாக முறுக்கிச் சட்டென்று விடுங்கள். சிலைட் அடியில் விழும் "டக்" என்ற சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கேபிளுக்குள் துரு, அல்லது சிலைட்டில் கீறல்.

இரண்டும் சரியாக இருந்தால் வண்டியைச் சூடேற்றி, ரேஸ் ஆடத் தொடங்கியதும், காற்றைக் குறைத்துப் பெற்றோலைக் கூட்டும் சோக்கைப் பாதி போட்டுப் பாருங்கள். பிளக்கையும் கழற்றி அதன் நிறத்தைச் சொல்லுங்கள்.

மண்ணெண்ணெய் மாஸ்டர் | ஞாயிறு, முற்பகல் 11.30

சில்லுக்காரன் சொன்ன ஒழுங்கு சரியானது. நான் சேர்ப்பது ஒன்றுதான். பிளக்கில் நெருப்பு விழவைப்பது பழைய பொயின்றா, இலத்திரனியல் சீ.டி.ஐ. பெட்டியா? பழைய பொயின்ற் வண்டிகள் பலவற்றில் ரேஸ் ஏற ஏற நெருப்பை முன்கூட்டியே விழச் செய்வதற்கு இரண்டு சிறிய எடைக்கட்டிகளும் இரண்டு சுருள்வில்லும் இருக்கும். வில் களைத்துப் போனாலோ, எடைக்கட்டி எண்ணெய் காணாமல் இறுகிப் போனாலோ, விரிந்தது விரிந்தபடி நிற்கும். அப்போதும் ரேஸ் இறங்காது. காபரேற்றரை நூறு தடவை கழுவினாலும் பயன் இல்லை. என்னுடைய பழைய வண்டியில் இதைக் கண்டுபிடிக்க ஒரு மாரிகாலம் முழுவதும் போயிற்று.

என் பெயரைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்காக: 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்து மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு உதைப்போம். எஞ்சின் சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய் ஆவியாகிப் பிடிக்கும். வழியில் நின்றால் தொலைந்தது. பெற்றோல் துளிகளை ஊசி மருந்துக் குப்பியில் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போன ஆசிரியன் நான். அந்தப் புகையிலும் கரியிலும் இந்த ஹொண்டாக்கள் சாகவில்லை. தம்பியின் வண்டியும் சாகாது.

கோண்டாவிலான் | ஞாயிறு, மாலை 5.55

மாஸ்டர், இது சீ.டி.ஐ. வண்டி. எடைக்கட்டிக் கதை இதற்குப் பொருந்தாது என்று நினைக்கிறேன்.

சில்லுக்காரன் அண்ணை, செய்து பார்த்தேன். ஹாண்டிலைத் திருப்பினால் ரேஸ் மாறவில்லை. "டக்" சத்தம் தெளிவாகக் கேட்கிறது. இணுவில்வரை ஓடிச் சூடேற்றிக்கொண்டு வந்து, ரேஸ் ஆடியபோது சோக்கைப் பாதி போட்டேன். ஆட்டம் நின்றுவிட்டது! சோக்கை எடுத்ததும் மறுபடி தொடங்கியது. பிளக்கின் நுனி சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாக இருக்கிறது.

சில்லுக்காரன் | ஞாயிறு, இரவு 8.20

அப்படியானால் சிலைட் குற்றமற்றவர், விடுதலை செய்யலாம். பிளக்கின் நுனி நல்ல தேநீர் நிறத்தில் இருக்க வேண்டும். வெள்ளை என்றால் கலவை வறண்டிருக்கிறது. சோக் போட்டதும் அமைதியாவதும் அதே சாட்சியத்தைத்தான் சொல்கிறது. ஒன்றில் பெற்றோல் குறைவாக வருகிறது, அல்லது காற்று களவாகப் போகிறது. சூடேறிய பிறகு மட்டும் வருவதைப் பார்த்தால் எனக்குக் களவில்தான் சந்தேகம். உலோகம் விரியும்போது வளைந்த விளிம்பு இன்னும் விலகும், கல்லான றப்பர் அதற்கு ஈடுகொடுக்காது.

இந்த வண்டியில் காபரேற்றருக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையில் ஒரு வளைந்த குட்டிக் குழாய் இருக்கிறது. அதன் இரண்டு முனையும்தான் திருட்டு வாசல்கள்.

டொரன்ரோ பனை | ஞாயிறு, இரவு 8.41

இதற்கு இங்கே நாங்கள் காபரேற்றர் கழுவும் ஸ்பிறேயை எஞ்சின் ஓடும்போதே மூட்டுகளில் அடிப்போம். ரேஸ் மாறும் இடத்தில்தான் ஓட்டை. இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். இதையாவது ஏற்றுக்கொள்வீர்களா?

மண்ணெண்ணெய் மாஸ்டர் | ஞாயிறு, இரவு 9.10

பனை, முறை சரி. ஆனால் அது சூடான சைலன்சரில் இருந்து ஒரு சாண் தூரத்தில், பிளக் வயரின் பக்கத்தில் எரியும் திரவத்தைத் தூவும் வேலை. ஸ்பிறே கிடைக்காதவன் என்ன செய்வான்? போத்தலில் பெற்றோலை எடுத்துத் தெளிப்பான். அப்படித் தெளித்துப் புருவத்தைப் பறிகொடுத்த ஒருவரை எனக்குத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன், முளைக்க இரண்டு மாதம் எடுத்தது.

சில்லுக்காரன் | ஞாயிறு, இரவு 9.25

மாஸ்டர்! 😄

தம்பி, பூவுக்குத் தண்ணீர் தெளிக்கும் போத்தலில் சவர்க்காரத் தண்ணீர் போதும். வண்டி ஓடட்டும், ஒரு மூட்டில் தெளித்து ஐந்து விநாடி பொறுங்கள், பிறகு அடுத்த மூட்டு. ஓட்டை இருந்தால் தண்ணீரை உறிஞ்சி எஞ்சின் குரல் மாறும். பிளக் தொப்பியையும், சூடான சிலிண்டரையும் நனைக்காதீர்கள்.

சாவகச்சேரிச் செல்வி | திங்கள், காலை 6.30

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கும் ஏறத்தாழ இதே கூத்து நடந்தது, ஆனால் காரணம் வேறு. பழைய ஹீரோ ஹொண்டாவில் யாழ்ப்பாணத்துக்கு வேலைக்குப் போய்வருகிறேன். ஒவ்வொரு நாளும் நாவற்குழிப் பாலத்தை அண்டும்போது ரேஸ் திடீரென்று கூடும், பிறகு வண்டி செத்துவிடும். பத்து நிமிடம் நின்றால் மறுபடி ஓடும். மெக்கானிக் கொயிலை மாற்றினார், பிளக்கை மாற்றினார், கடைசியில் என்னைத்தான் மாற்றாத குறை.

ஒருநாள் வெறுப்பில் பெற்றோல் மூடியைத் திறந்தேன். "உஸ்" என்று காற்று உள்ளே போனது. மூடியில் இருக்கும் ஊசித்துளையை மெழுகும் செம்மண்ணும் சேர்ந்து அடைத்திருந்தன. தாங்கிக்குள் காற்றுப் போகாவிட்டால் பெற்றோல் கீழே இறங்காது, கலவை வறளும், சாவதற்கு முன்னால் ரேஸ் கூடும். விளக்கு அணையும்முன் கொழுந்துவிடுமே, அதுபோல. கோண்டாவில் தம்பியும் மூடியைத் திறந்துவிட்டு ஒரு முறை ஓடவிட்டுப் பார்க்கலாம். ஒரு சதமும் செலவில்லை.

கோண்டாவிலான் | திங்கள், மாலை 6.48

செல்வி அக்கா, சீற்றைத் தூக்கி மூடியைத் தளர்த்திவிட்டுப் பார்த்தேன். மாற்றம் இல்லை. ஆனாலும் துளையைக் குத்திச் சுத்தமாக்கிவிட்டேன்.

சவர்க்காரத் தண்ணீர்ச் செய்தி இதோ. காபரேற்றர்ப் பக்க மூட்டில் தெளித்தேன், ஒன்றும் நடக்கவில்லை. ஹெட் பக்கம் தெளித்த உடனேயே எஞ்சின் விக்கியது, ரேஸ் சட்டென்று விழுந்தது. மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் விழுந்தது. நாளை கால்மறைப்பைக் கழற்றப் போகிறேன். இதைக் கழற்றுவது எனக்கு முதல் தடவை.

சில்லுக்காரன் | திங்கள், இரவு 7.30

பிடித்துவிட்டீர்கள். கழற்றும் ஆணிகளை ஒரு பழைய மட்டைப் பெட்டியில் குத்தி, எந்த இடம் என்று எழுதி வையுங்கள். குழாயின் விளிம்பில் இரும்பு அடிமட்டத்தை நிமிர்த்தி வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நடுவில் ஒளி தெரியாவிட்டால் சரி. தெரிந்தால் யாரோ நட்டை அளவுக்கு மீறி இறுக்கி, ஆணி போகும் இரண்டு காதையும் முன்னுக்கு இழுத்து விளிம்பை வளைத்திருக்கிறார்கள். கண்ணாடித் தட்டில் நைஸ் மணற்கடதாசியை விரித்து, எட்டு வடிவில் மெல்லத் தேய்த்தால் தட்டையாகிவிடும்.

ஓ-ரிங், அதாவது மூட்டை அடைக்கும் றப்பர் வளையம், புதிதாகப் போடுங்கள். ஸ்ரான்லி வீதி உதிரிப்பாகக் கடைகளில் பழையதைக் காட்டினால் எடுத்துத் தருவார்கள். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் றப்பரை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அளவு சரியாக இருக்கும், பெற்றோல் பட்டதும் புட்டுப்போல ஊதிவிடும்.

தீவகத்தான் | செவ்வாய், காலை 5.50

வேலணையிலிருந்து எழுதுகிறேன். பண்ணைப் பாலத்தில் தினமும் உப்புக்காற்று குடிக்கும் வண்டி என்னுடையது. காபரேற்றரை எடுத்தால் அப்படியே பெற்றோல் தங்கும் அடிக்கிண்ணத்தையும் திறந்து பாருங்கள் தம்பி. எட்டு மாதம் நின்ற வண்டி. பழைய பெற்றோல் ஆவியாகிப் பிசினாகி ஸ்லோவில் ஓடும்போது பெற்றோல் தரும் ஸ்லோ ஜெற்றின் துளையில்தான் முதலில் உட்காரும். அந்தத் துளை மிகமிகச் சிறியது.

அதைக் கம்பியால் குத்தாதீர்கள். ஜெற் பித்தளை, கம்பி இரும்பு, துளை பெருத்துவிடும். பிறகு பெற்றோல் குடிப்பதை நிறுத்த முடியாது. நான் தங்கூசியைத்தான் (மீன்பிடிக்கும் நைலோன் நரம்பு) பாவிக்கிறேன். மெல்லிய இலக்கத் தங்கூசி உள்ளே போய் வரும், கீறாது. மீன்பிடிக்கும் வீட்டில் எல்லா நோய்க்கும் தங்கூசிதான் மருந்து.

கோண்டாவிலான் | செவ்வாய், இரவு 8.05

கழற்றினேன். குழாய் விளிம்பு உண்மையிலேயே வளைந்திருக்கிறது, இரண்டு காதும் முன்னுக்கு வந்து நடு விலகி நிற்கிறது. ஓ-ரிங் தட்டையாகிக் கல்லாகிவிட்டது. அதைச் சுற்றி ஏதோ சாம்பல் நிறப் பசை, விரலால் தொட்டால் களிபோல வழிகிறது.

இது யார் பூசியது என்று இரண்டு கராஜ்காரரையும் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். விறாந்தையில் சாய்வு நாற்காலியில் இருந்த அப்பா, "அது நான்தான்" என்றார். 2022 எரிபொருள் நெருக்கடியின்போது, கிழமைக்கு 4 லீற்றர் கியூ.ஆர். பங்கீட்டுப் பெற்றோலைச் சிக்கனப்படுத்துகிறேன் என்று அவரே காபரேற்றரைக் கழற்றிப் பூட்டியிருக்கிறார். ஓ-ரிங் கிடைக்கவில்லையாம், யன்னலுக்குப் பூசிய சிலிக்கன் மிச்சம் இருந்ததாம். நட்டையும் "நன்றாக" இறுக்கினாராம்.

தேய்த்துத் தட்டையாக்கி, புது ஓ-ரிங் போட்டுப் பூட்டிவிட்டேன். இன்று நேரம் போய்விட்டது, அடிக்கிண்ணத்தைத் திறக்கவில்லை.

கோண்டாவிலான் | புதன், காலை 7.15

நம்பிக்கை போய்விட்டது. ரேஸ் ஏறுவது நின்றுவிட்டது, உண்மை. ஆனால் இப்போது வண்டி ஸ்லோவில் நிற்கவே மாட்டேன் என்கிறது. பிடியை விட்டால் செத்துவிடுகிறது. கொக்குவில் சந்தியில் நான்கு தடவை உதைத்தேன். முன்பு ஓடவாவது செய்தது!

டொரன்ரோ பனை | புதன், காலை 7.22

நான் ஒன்றும் சொல்லவில்லை. புதுக் காபரேற்றர் என்று மட்டும் ஞாபகப்படுத்துகிறேன்.

சில்லுக்காரன் | புதன், மதியம் 12.40

தம்பி, இது நல்ல செய்தி. கேட்கக் கசப்பாக இருக்கும், பொறுமையாக வாசியுங்கள்.

உங்கள் வண்டியில் இரண்டு குற்றம் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறது. தீவகத்தான் அண்ணை சொன்னதுபோல ஸ்லோ ஜெற் பாதி அடைபட்டிருக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சின் அதனால் நிற்கப் பார்த்தது. கடைசியாகப் பார்த்த கராஜ்காரர் சிலைட்டைத் திருகாணியால் தூக்கிவிட்டார். தூக்கியதும் பெரிய ஜெற்றின் ஊசி வழியாகக் கொஞ்சம் பெற்றோல் கசிந்து வந்தது. அதோடு களவாகப் போன காற்றும் சேர்ந்ததால் எப்படியோ ஓடியது, சூடேறினால் கத்தியது. இப்போது நீங்கள் களவு வாசலைப் பூட்டிவிட்டீர்கள். காற்றும் குறைந்தது, பெற்றோலும் இல்லை. பட்டினியில் சாகிறது.

முதல் நாளே திருகாணியை மட்டும் திருகிக்கொண்டிருந்தால் இந்த இரண்டும் வருடக்கணக்காக ஒன்றாகக் குடித்தனம் நடத்தியிருக்கும்.

தீவகத்தான் | புதன், மாலை 4.10

தங்கூசி!

கோண்டாவிலான் | வியாழன், இரவு 9.20

அடிக்கிண்ணத்தைத் திறந்தேன். கருப்பணிப் பாகுபோல மண்ணிறத்தில் ஒரு படலம், பழைய வார்னிஷ் மணம். ஸ்லோ ஜெற்றை வெளிச்சத்துக்குப் பிடித்தால் இருட்டு. இரவு முழுதும் காபரேற்றர் கழுவும் திரவத்தில் ஊறவைத்து (பனை அண்ணை, உங்கள் ஸ்பிறேதான், பற்றரிக் கடையில் கிடைத்தது), அயல் வீட்டுக் கடற்றொழிலாளர் தந்த தங்கூசியை விட்டு ஆட்டினேன். துளைக்குள் ஒரு வெளிச்சப் புள்ளி தெரிந்தது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா மட்டும் "இதையா பார்க்கக் கூப்பிட்டாய்?" என்றார்.

தாங்கியில் இருந்த பழைய பெற்றோலையும் வடித்துவிட்டேன். பூட்டியாயிற்று. ஸ்லோவில் கலவையைச் சரிசெய்யும் காற்றுத் திருகாணியை எத்தனை சுற்றில் வைப்பது?

சில்லுக்காரன் | வியாழன், இரவு 9.45

மெல்ல உள்ளே மூடுங்கள், முட்டியதும் நிறுத்துங்கள். இறுக்கினால் கூர் நுனி நசிந்துவிடும். அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே. இது தொடக்கப் புள்ளி மட்டும். வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடேற்றிவிட்டு, கால் சுற்றுக் கால் சுற்றாக உள்ளேயும் வெளியேயும் திருகிப் பாருங்கள். எஞ்சின் எந்த இடத்தில் வேகமாகவும் சீராகவும் ஓடுகிறதோ அங்கே விட்டுவிடுங்கள். பிறகுதான் ஸ்லோ திருகாணி. கியரில் போட்டால் வண்டி இழுக்காமலும், நியூட்ரலில் நிற்காமலும் இருக்கும் இடம்வரை இறக்குங்கள்.

வால்வு இடைவெளியையும் ஒரு விடுமுறை நாளில் பாருங்கள். எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது இரண்டு வால்வுக்கும் 0.05 மில்லிமீற்றர். அதைவிட இறுகியிருந்தால் சூடேறியதும் ஸ்லோ தடுமாறும், நீங்கள் மறுபடி காபரேற்றரைச் சந்தேகிப்பீர்கள்.

மண்ணெண்ணெய் மாஸ்டர் | வெள்ளி, காலை 6.00

எயார் பில்ரரையும் தட்டிவிடு தம்பி. இணுவில், கோண்டாவில் தோட்டப் பாதைச் செம்மண் அதில் அரைக் கொத்து இருக்கும். அதைத் துப்புரவாக்கிவிட்டுத்தான் கலவையைச் சரிசெய்ய வேண்டும், முன்பு அல்ல. முன்பே செய்திருந்தால் இன்னொரு முறை செய்.

கோண்டாவிலான் | ஞாயிறு, மாலை 6.30

மாஸ்டர், பில்ரரைத் தட்டினேன். அரைக் கொத்து இல்லை, ஒரு சிரங்கை இருந்தது. கலவையை மறுபடி சரிசெய்தேன், ஒன்றே முக்கால் சுற்றில் நிற்கிறது. பிளக் நுனி மண்ணிறத்துக்கு மாறத் தொடங்கிவிட்டது. இன்று சுன்னாகம்வரை போய்வந்தேன். திரும்பும்போது அதே கடவை, அதே படலை மூடியிருந்தது. கியரில் போட்டுவிட்டுப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வண்டி அசையவில்லை. போட்டிக்கு அழைக்க அந்தப் பெரியவர்தான் இல்லை.

வீட்டுக்கு வந்து முற்றத்தில் ஓடவிட்டேன். அப்பா விறாந்தையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னும் கால் சுற்று இறக்கு, பெற்றோல் மிச்சம்" என்றார். இறக்கினேன். நின்றுவிட்டது. அவர் தண்ணீர் குடிக்க உள்ளே போன நேரம் பழையபடி ஏற்றிவிட்டேன். திரும்பி வந்து கேட்டுவிட்டு, "இப்போதுதான் சரி" என்றார்.